காரணம் நம்முடையது, கணக்கு அவர்களுடையது: பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு நன்கொடை வழிகாட்டி

யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவதற்கு முன், போன ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையையும் யுபிஐ வரலாற்றையும் திறந்து வைத்துக்கொண்டால் அரை மணி நேர வேலை. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். கேட்டதால் கொடுத்ததற்கு 'கே': இந்திராநகர் மெட்ரோ வாசலில் அட்டை மாட்டிய இளைஞர், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆபரேஷன் லிங்க், ஆபீஸ் வசூல். வழக்கத்தால் கொடுத்ததற்கு 'வ': ஊர்க் கும்பாபிஷேகம், அப்பா திதிக்கு அன்னதானம். நீங்களே யோசித்துத் தேடிக் கொடுத்ததற்கு 'தே'. 'தே' ஒன்றுகூட இல்லையென்றால் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் உங்கள் பணம் எங்கே போகிறது என்பதை இதுவரை மற்றவர்கள்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு பிரிவினையில் நிற்கிறது. எந்தத் துறைக்குக் கொடுப்பது என்பதை உங்கள் சொந்தக் காரணம் தீர்மானிக்கட்டும். அந்தத் துறையில் எந்த நிறுவனத்துக்கு என்பதைக் காகிதம் தீர்மானிக்கட்டும். இரண்டையும் குழப்பும்போதுதான் தவறு நடக்கிறது. மனதைத் தொட்ட வீடியோவைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். இல்லையென்றால் யாரோ போட்ட 'சிறந்த பத்து' பட்டியலைப் பார்த்து, நமக்கு ஒட்டாத துறைக்குக் கொடுத்து, அடுத்த வருஷம் மறந்துவிடுகிறோம்.

தொகையை முதலில் முடிவு செய்யுங்கள்

காரணத்தை யோசித்துவிட்டுத் தொகைக்கு வந்தால் உணர்ச்சி வேகத்தில் அதிகம் சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்துவீர்கள். கையில் வரும் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று நல்ல தொடக்கம். மாதம் 90,000 வந்தால் 900, வருஷத்துக்கு 10,800. இதில் 7,200 ரூபாயை நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கு ஒதுக்குங்கள். மீதி 3,600 'கே' பெட்டி: யார் கேட்டாலும் அதிலிருந்து மட்டும். பெட்டி காலியானால் "இந்த வருஷத்துக்கு முடிஞ்சுது" என்று சொல்லலாம், குற்ற உணர்வு வராது. மொய் இதில் சேராது. அது கொடுக்கல் வாங்கல்.

கணவன் மனைவிக்குள் கோயிலா பள்ளியா என்று இழுபறி வந்தால் சமரசம் தேடாதீர்கள். தொகையைப் பாதியாகப் பிரித்து, ஒருவர் பங்கில் மற்றவர் கேள்வி கேட்பதில்லை என்று வைத்துக்கொள்வதே நல்லது. சமரசமாகத் தேர்ந்தெடுத்த நிறுவனத்தில் இருவருக்குமே அக்கறை இருக்காது.

ஒரு வீட்டுக்கு இரண்டு நிறுவனம் போதும், மிஞ்சினால் மூன்று. பத்து இடத்துக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரித்தால் பத்து பேரின் கணக்கையும் நீங்கள் படிக்கப்போவதில்லை. அவர்களுக்கும் ரசீது போட்டு, நன்றி அனுப்பி, பெயரை வரித் துறையில் ஏற்றும் வேலை தொகை சின்னதானாலும் பெரியதானாலும் ஒன்றுதான்.

காரணத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில், "நான் கொடுக்க நினைப்பது ஏனென்றால்" என்று தொடங்கி முடியுங்கள். "சமூகத்துக்குத் திருப்பித் தர" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதில் ஆளும் இல்லை, ஊரும் இல்லை. "அம்மா கேன்சரில் போனார்" என்பது காரணம். "ப்ளஸ் டூ முடித்தபோது தலைமை ஆசிரியர் கட்டிய ஃபீஸில்தான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்" என்பதும் காரணம்.

காரணம் கிடைத்ததும் அடுத்த கேள்வி: அதில் எது மிகவும் வலித்தது? இங்கேதான் பலர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். அம்மா கேன்சரில் போனார் என்றால் கை தானாகக் கேன்சர் மருத்துவமனைப் பக்கம் போகும். ஆனால் உங்கள் வீட்டில் உண்மையில் நடந்தது என்ன? கடைசி மூன்று மாதம் வலியில் தூங்காமல் கிடந்தார் என்றால் உங்கள் துறை சிகிச்சை அல்ல, வலி தணிப்புப் பராமரிப்பு. பெங்களூரில் மாரத்தஹள்ளி அருகே இருக்கும் கருணாஷ்ரயா, குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்த புற்றுநோயாளிகளைக் கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் இடம். அந்த வகையில் தேட வேண்டும். நோய் தெரியவே தாமதமானது என்றால் உங்கள் துறை முன்கூட்டிய பரிசோதனை முகாம்கள். ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்க இடமில்லாமல் திண்டாடினீர்கள் என்றால், கித்வாய் போன்ற அரசு மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் தருபவர்கள். ஒரே மரணம், மூன்று வேறு துறை.

காரணம் கண்ணை மறைக்கும் இடங்களும் உண்டு. சொந்த ஊர்ப் பாசம் அதில் முதலாவது. ஊர்ப் பள்ளிக்குச் செய்ய ஆசைப்பட்டுத் தெரிந்தவர் கையில் பணத்தைக் கொடுத்தால், வகுப்பறைக்குப் பெயிண்ட் அடித்துக் கல்வெட்டு வைப்பதோடு முடிந்துவிடும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கொடுக்கலாம். எதுவானாலும் முதலில் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் பெயிண்டுக்கு முன்னால் கழிப்பறைத் தண்ணீர் வரும்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது நல்ல தர்மம், ஆனால் வரிவிலக்கு கிடைக்காது. கட்டணச் சீட்டை வாங்கி நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள். அதைக் காட்டி அவர் சம்பள உயர்வைத் தள்ளிப்போடுவது தர்மத்தில் சேராது.

திதிப் பணம்: ஒரு தனிக் கணக்கு

நம்மவர்களிடம் அதிகம் இருக்கும் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக. அப்பா நினைவாக ஓர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போட வேண்டும், நாம் போன பிறகும் அது நடக்க வேண்டும் என்று மூலநிதி (அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் தொகை) கொடுப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 60 பேருக்குத் தலைக்கு 50 ரூபாய் என்றால் இன்றைக்கு 3,000. வங்கி வட்டி 6 சதவீதம் என்று வைத்தால் 50,000 ரூபாய் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் விலைவாசியும் வருஷம் 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் அதே சாப்பாடு 6,000 ஆகும். வட்டி அதே 3,000-தான். 60 இலை 30 ஆகிவிட்டது. 24 ஆண்டில் 15 இலை. கல்வெட்டில் மட்டும் பெயர் அப்படியே இருக்கும்.

சரியாக்க வழி இரண்டு. வட்டியில் பாதியை மட்டும் செலவழித்து மீதியை மூலநிதியோடு சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அப்போது ஏறக்குறைய இரு மடங்கு தொகை வேண்டும், அதாவது ஒரு லட்சம். அதுவும் தேய்மானத்தை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. அதைவிட, மூலநிதியே இல்லாமல் வருஷா வருஷம் அன்றைய விலையில் அனுப்பி, பிள்ளைகளிடம் அந்த வழக்கத்தை ஒப்படைப்பது எளிது. மூலநிதிதான் என்றால் 'மூலநிதிக்கு' என்று எழுத்தில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது சாதாரண நன்கொடையாகக் கணக்கில் ஏறி அந்த ஆண்டே செலவாகிவிடலாம்.

இன்னொன்று, தேதி. மகாளய அமாவாசை, ஆடி அமாவாசை, தை அமாவாசை, தீபாவளி என்றால் இல்லங்களில் சாப்பாட்டுக்கு முன்பதிவு குவியும். வடை பாயசம் மிஞ்சிப் போகும் நாள்கள் அவை. நடுவில் வரும் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. "அந்தத் தேதியின் பெயரில் கேஸ் சிலிண்டருக்கோ அரிசிக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். திதியும் குறையாது.

ஒரு வரியில் வேலை

காரணமும் வலித்த இடமும் தெரிந்ததும், 'யாருக்கு, எங்கே, என்ன நடக்க வேண்டும்' என்று ஒரே வரியாக்குங்கள். "பெங்களூரில், வீட்டிலேயே படுக்கையாகிவிட்ட நோயாளிக்கு நர்ஸ் போய் வலி மருந்து தர வேண்டும்." இந்த வரியை வைத்து நாலு பெயர் தேடுங்கள். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தில் மாநிலம், துறை வாரியாகப் பார்க்கலாம். அதில் பெயர் இருப்பது பதிவு செய்ததற்கு அடையாளம் மட்டும், நற்சான்று அல்ல.

காகிதம் பார்க்கும் படி

முதலில் 80ஜி பதிவு எண் (80ஜி என்பது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் சட்டப் பிரிவு). அது நிறுவனத்தின் பான் எண்ணோடு தொடங்கும். பான் எண்ணில் நான்காவது எழுத்தைப் பாருங்கள்: அறக்கட்டளைக்கு 'டி', கம்பெனிக்கு 'சி', சங்கங்களில் பலவற்றுக்கு 'ஏ'. 'பி' என்று இருந்தால் அது தனிமனிதரின் பான், அங்கேயே நிறுத்துங்கள். வருமான வரித் துறைத் தளத்தில் விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உண்டு. பெயர், எண், எதுவரை செல்லும் என்பதை அதோடு ஒப்பிடுங்கள். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் கணக்குக் காட்ட வேண்டும். கர்நாடகத்தில் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. சப் ரிஜிஸ்ட்ராரிடம் பத்திரம் பதிந்ததோடு சரி. ஆகவே பெங்களூர் அறக்கட்டளை என்றால் தணிக்கைக் கணக்கை நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கடைசி மூன்று ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். நல்ல நிறுவனங்கள் பல அதைத் தளத்திலேயே போட்டிருக்கும். வந்ததும் நான்கு இடம் பாருங்கள்.

கையிருப்பு. மொத்த நிதி, ஓர் ஆண்டுச் செலவில் எத்தனை மாதத்துக்கு வரும்? ஆண்டுச் செலவு 1.2 கோடி, கையிருப்பு 80 லட்சம் என்றால் எட்டு மாதம், ஆரோக்கியம். ஒரு மாதத்துக்கு மட்டும் இருந்தால் ஒரு பெரிய நன்கொடையாளர் விலகியதும் நர்ஸ்களுக்குச் சம்பளம் நிற்கும். மோசடி அல்ல, ஆனால் தெரிந்து கொடுங்கள். நாலைந்து வருஷச் செலவு சும்மா இருந்தால், கட்டடத்துக்கு என்பது போன்ற விளக்கம் இருக்க வேண்டும். சட்டப்படி வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். மீதி 15 சதவீதத்துக்கு மேல் சேர்த்து வைக்கத் தனியாகக் காரணம் சொல்லியாக வேண்டும்.

சம்பளம். "நூற்றுக்குத் தொண்ணூறு நேராக ஏழைக்கே" என்ற பேச்சில் மயங்காதீர்கள். வலி தணிப்பு இல்லத்தில் நர்ஸின் சம்பளம்தான் சேவை. சிறப்புப் பள்ளியில் ஆசிரியர் சம்பளம்தான் சேவை. அரிசி மூட்டை கொடுக்கும் இடத்தில் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஒரே வேலை செய்யும் இரு நிறுவனங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

வாடகையும் கடனும். நிறுவனரின் வீட்டுக்கே அலுவலக வாடகை போகிறதா, டிரஸ்டிக்கு முன்பணம் நிற்கிறதா என்பது குறிப்புகளில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

அரசுப் பணம். மதிய உணவு தரும் நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் பெங்களூரில் தொடங்கிய அக்ஷய பாத்ரா போன்றவை அரசின் மதிய உணவுத் திட்டத்தோடு சேர்ந்து நடப்பவை. தானியமும் சமையல் செலவில் ஒரு பங்கும் அரசிடமிருந்து வரும். அதில் குறையில்லை. உங்கள் ரூபாய் முழுச் சாப்பாட்டை வாங்கவில்லை, மீதிச் செலவை நிரப்புகிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். அரசும், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமும் எட்டாத சின்ன வேலைக்கு உங்கள் 7,200 ரூபாய் அதிகம் உதவக்கூடும்.

போனும் நேரில் போவதும்

கணக்குப் பார்த்து நாலு பெயர் இரண்டாகக் குறைந்ததும் போன் செய்யுங்கள். மூன்று கேள்வி போதும். போன வருஷம் எது சரியாக நடக்கவில்லை? யாரை ஏற்க முடியாமல் திருப்பி அனுப்புகிறீர்கள்? அடுத்த 50,000 வந்தால் எதில் போடுவீர்கள்? முதல் கேள்விக்கு "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்" என்று மட்டும் பதில் வந்தால் களத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தைகள் இல்லம் என்றால் விதி வேறு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின் கீழ் பதிவு இருக்க வேண்டும். இல்லாத இடத்துக்கு எவ்வளவு பாவமாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. குழந்தைகளின் முகம் தெரிய, பெயரோடு, "இவள் அப்பா குடிகாரர்" என்று பதிவு போட்டுப் பணம் கேட்கும் இல்லம் அந்த ஒரு காரணத்துக்கே பட்டியலிலிருந்து போகட்டும். உங்கள் பிள்ளை பிறந்தநாளுக்குக் கேக்கோடு போய் வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். அந்தக் குழந்தைகளுக்கு அது அந்த மாதத்தின் எத்தனையாவது 'ஹேப்பி பர்த்டே' என்று வார்டனைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் கொடுக்கும்போது

முதல் முறை சின்னத் தொகை, 1,000 ரூபாய். க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும். மேனேஜர் பெயர் வந்தால் பின்வாங்குங்கள். ரசீது எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். வந்தால் மாதத் தொகையாக மாற்றலாம்.

'இதற்கு மட்டும்' என்று கட்டிப்போடாமல் பொதுவாகக் கொடுப்பது நல்லது. எல்லோரும் புத்தகப் பைக்கே கொடுத்தால் கரண்ட் பில் யார் கட்டுவது? இத்தனை சோதித்த பிறகும் நம்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்றால், அந்த நிறுவனமே வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்று ரொக்கமாகப் போடுவது உயர்ந்த குணமாகத் தெரியும். ஆனால் தொண்டு நிறுவனத்துக்குப் பெயர் தெரியாமல் வரும் பணம் ஒரு வரம்பைத் தாண்டினால் 30 சதவீத வரி அவர்கள் தலையில் விழும். பெயர், முகவரி, பான் கொடுத்துவிட்டு, "பலகையில் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக. புதிய வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் பாதி கழியும், அதுவும் வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். 30 சதவீத வரி கட்டுபவர் 20,000 கொடுத்தால் கழிவு 10,000. மிச்சமாகும் வரி, செஸ் சேர்த்து 3,120. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி, துணி, மருந்துக்கும் இல்லை. ஊர்க் கோயில் திருப்பணிக்கு, அரசு அறிவித்த கோயில்கள் தவிர, கிடையாது. ரசீது மட்டும் போதாது: நிறுவனம் மே 31-க்குள் உங்கள் பெயரை வரித் துறையில் ஏற்றி, படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் கழிவு கிடைக்காமல் போகலாம். ஜூன் முதல் வாரத்தில் பார்த்துவிட்டால் திருத்தச் சொல்ல நேரம் இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. வாய்வழக்கில் இன்னும் கொஞ்ச காலம் எல்லோரும் 80ஜி என்றுதான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனும் சேர்ந்து கொடுக்க நினைத்தால் அவர் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால் அவர் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்சிஆர்ஏ பதிவுள்ள நிறுவனத்துக்கு மட்டும், டெல்லி நாடாளுமன்ற வீதி எஸ்பிஐ கிளையில் அதற்கென்றே இருக்கும் கணக்கில்தான் போக வேண்டும். பெங்களூர்க் கணக்கு எண்ணை நீங்கள் நல்லெண்ணத்தில் அவருக்கு அனுப்பினால் சிக்கல் அந்த நிறுவனத்துக்கு.

லிங்க் வந்தால், அட்டைக்காரர் நிறுத்தினால்

மருத்துவ உதவி லிங்க் வந்ததும் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம், நோயாளி எண், பணம் போய்ச் சேரும் கணக்கு மூன்றையும் பாருங்கள். மருத்துவமனைக் கணக்குக்கே போவது நல்லது. கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாமல், மருத்துவமனைத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குச் செய்து சமூகப் பணியாளரைக் கேளுங்கள். அவர் நோய் விவரத்தைச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. கடிதம் அவர்களுடையதா என்று சொல்லலாம். கூடவே, குடும்பத்திடம் எந்த ரேஷன் அட்டை இருக்கிறது என்று விசாரியுங்கள். கர்நாடக பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) அட்டை இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வழி உண்டு. தர்மபுரி, திருவண்ணாமலையிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் என்றால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். சில நேரம் உங்கள் 2,000 ரூபாயைவிட, அந்த அட்டையோடு சரியான கவுன்டருக்குக் கூட்டிப்போகும் ஒரு மணி நேரம் பெரிய உதவி.

மெட்ரோ வாசலில் நிற்பவர் பல நேரம் நிறுவனத்தின் ஆள் அல்ல, வசூல் ஏஜென்சியின் ஆள். அவருக்கும் அது பிழைப்பு; கோபப்பட வேண்டாம். அங்கேயே ஆட்டோபே போடாமல், பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து மேலே சொன்ன காகிதப் படியில் ஏற்றுங்கள்.

பழைய துணி கொடுப்பதாக இருந்தால் துவைத்து, பட்டன் ஜிப் பார்த்து, நீங்களே உடுத்தும் நிலையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூன்ஜ் போன்ற அமைப்புகளுக்குத் துணியைப் பிரிக்கவும் ஏற்றி அனுப்பவும் செலவு உண்டு; மூட்டையோடு கொஞ்சம் பணமும் சேர்ந்தால் நல்லது.

நிறுத்தும்போது

வருஷம் ஒருமுறை, 10பிஇ வரும் ஜூன் மாதத்தில், காரணத் தாளை எடுத்துப் பாருங்கள். காரணம் மாறலாம், அம்மா போன துயரம் ஆறிப் பிள்ளையின் பள்ளி மனதில் வந்திருக்கலாம். மாற்றுவதானால் திடீரென வெட்டாதீர்கள். மாதத் தொகையை நம்பி ஒரு பகுதிநேர ஊழியரை வைத்திருப்பார்கள். மூன்று மாதம் முன்னதாகச் சொல்லி, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்: கணக்கு அனுப்பவில்லை, அல்லது என் காரணம் மாறிவிட்டது. மூன்றாம் மாதத் தொகை போனதும் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். வங்கி வழி என்ஏசிஎச் (கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் அனுமதி) கொடுத்திருந்தால் செயலியில் அது தெரியாமல் போகலாம். வங்கித் தளத்திலோ கிளையிலோ தனியாக ரத்து செய்ய வேண்டும்.